சஸ்பெண்டில் தொங்கும் ஐ2சி டிரைவர்: இருப்பது ஒரே மியூடெக்ஸ், லாக்டெப் வட்டம் காட்டுகிறது

கேள்வி: மின்கல_அளவி

லினக்ஸ் 6.6, ஏஆர்எம்64 போர்டு. பேட்டரி அளவிச் சில்லுக்கான ஐ2சி (சில்லுகளை இணைக்கும் இரு கம்பி பஸ்) டிரைவர், பஸ் வேகம் 100 கிலோஹெர்ட்ஸ். சஸ்பெண்டுக்கு (உறக்க நிலைக்கு) போகும்போது ஏறத்தாழ 150–200 முறைக்கு ஒருமுறை போர்டு அப்படியே நின்றுவிடுகிறது. சீரியல் கன்சோலில் ஒரு வரிகூட வருவதில்லை. ஆர்எம்மாட் (டிரைவர் மாட்யூலைக் கழற்றுவது) செய்யும்போது இதுவரை ஒருமுறைகூடத் தொங்கவில்லை.

டிரைவரின் அமைப்பு:

சாதனத்துக்கென ஒரே ஒரு மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கும் பூட்டு). பெயர் லாக்.
போல் வொர்க் (பின்னணியில் ஓடும் அளவீட்டு வேலை): 500 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஓடும். லாக்கை எடுத்து, 3 ரெஜிஸ்டர் படித்து, லாக்கை விட்டு, கடைசியில் ஸ்கெட்யூல்_டிலேய்ட்_வொர்க் மூலம் தன்னையே மறுபடி வரிசையில் போட்டுக்கொள்ளும்.
ஐஆர்க்யூ (வன்பொருள் குறுக்கீடு) திரெட்: லாக்கை எடுத்து ஸ்டேட்டஸ் படிக்கும். பிறகு மாட்_டிலேய்ட்_வொர்க் மூலம் போலை உடனே ஓட வைக்கும்.
சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) 'இன்டர்வல்' என்ற கோப்பு: ஸ்டோர் ஃபங்ஷன் லாக்கை எடுத்து, இடைவெளியை மாற்றி, மாட்_டிலேய்ட்_வொர்க் அழைக்கும்.
சஸ்பெண்ட்: லாக்கை எடுத்து, 6 ரெஜிஸ்டர்களைப் படித்துச் சேமித்து, கேன்சல்_டிலேய்ட்_வொர்க்_சிங்க், அடுத்து டிஸேபிள்_ஐஆர்க்யூ, அடுத்து சில்லைத் தூங்க வைத்து, லாக்கை விடும்.
ரிமூவ்: லாக்கை எடுத்து, சிஸ்எஃப்எஸ் கோப்பை நீக்கி, கேன்சல்_டிலேய்ட்_வொர்க்_சிங்க், பிறகு லாக்கை விடும். ஐஆர்க்யூவை டெவ்எம் வகையில் (கர்னல் தானே விடுவிக்கும்படி) வாங்கியிருப்பதால் அதைத் தொடவில்லை.

கான்ஃபிக்_புரூவ்_லாக்கிங் போட்டு (லாக் எடுக்கும் வரிசைகளைச் சோதிக்கும் லாக்டெப்பை இயக்கி) பில்ட் செய்தேன். முதல் சஸ்பெண்டிலேயே "பாஸிபிள் சர்குலர் லாக்கிங் டிபென்டென்சி டிடெக்டெட்" வந்தது. கையில் இருப்பது லாக் என்றும், எடுக்கப் பார்ப்பது வொர்க்_கம்ப்ளீஷன் என்று தொடங்கும் ஒன்று என்றும் சொல்கிறது. அப்படி ஒரு லாக்கை நான் எங்கும் உருவாக்கவில்லை. போர்டும் அந்த முறை தொங்கவில்லை, ஒழுங்காகத் தூங்கி எழுந்தது.

1. இது பொய் எச்சரிக்கையா?
2. சிங்க் இல்லாத கேன்சல்_டிலேய்ட்_வொர்க் போட்டால் எச்சரிக்கை போகிறது. ஆனால் ஆர்எம்மாட் செய்தால் எப்போதாவது ஊப்ஸ் (கர்னல் பிழை அறிக்கை) வருகிறது. ஏன்?
3. போல் வொர்க்கில் மியூடெக்ஸ்_டிரைலாக் போட்டால் போதுமா?


பதில் 1: பூட்டும்_சாவியும்

பொய் எச்சரிக்கை இல்லை. உங்கள் போர்டு தொங்குவது இதனால்தான்.

மியூடெக்ஸ் ஒன்றுதான், ஆனால் காத்திருப்பு இரண்டு. பெயரில் சிங்க் இருந்தால் 'அது முடியும்வரை இங்கேயே நிற்பேன்' என்று அர்த்தம். அப்படி நிற்பதும் ஒரு லாக்குக்காக நிற்பதும் கர்னலுக்கு ஒன்றுதான். அதனால்தான் ஒவ்வொரு வொர்க்குக்கும் லாக்டெப் ஒரு கற்பனை லாக்கை வைத்திருக்கிறது. வொர்க் ஓடும்போது அந்த லாக் பிடிக்கப்பட்டதாகவும், கேன்சல் சிங்க் அதை எடுத்து விடுவதாகவும் கணக்கு. நீங்கள் பார்த்த வொர்க்_கம்ப்ளீஷன் அதுதான். இனிச் சங்கிலி தெளிவு:

போல் ஓடும்போது: வொர்க்_கம்ப்ளீஷன், அதற்குள் லாக்.
சஸ்பெண்டில்: லாக், அதற்குள் வொர்க்_கம்ப்ளீஷன்.

வட்டம் முடிந்தது. லாக்டெப் எச்சரிக்கை தர நிஜமாகவே தொங்க வேண்டியதில்லை. இரண்டு வரிசையையும் தனித்தனியே ஒருமுறை பார்த்தாலே அதற்குப் போதும். 2006-இல் 2.6.18-இல் இங்கோ மோல்நார் இதைச் சேர்த்ததன் பயனே அதுதான்.

ஏன் 150–200 முறைக்கு ஒன்று? நேரத்தை எண்ணிப் பாருங்கள். 16 பிட் ரெஜிஸ்டர் ஒன்றைப் படிக்க முகவரி, ரெஜிஸ்டர் எண், மறுபடி முகவரி, தரவு 2 என 5 பைட். ஒவ்வொன்றுக்கும் 9 கிளாக், ஆக 45. ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்தால் 100 கிலோஹெர்ட்ஸில் அரை மில்லிசெகண்டுக்குச் சற்றுக் குறைவு. 6 ரெஜிஸ்டருக்கு ஏறத்தாழ 2.8 மில்லிசெகண்ட். அவ்வளவு நேரமும் லாக் சஸ்பெண்டின் கையில் இருக்கிறது. போலின் டைமர் அந்த இடைவெளியில் அடித்துவிட்டால், வொர்க் ஓடத் தொடங்கி மியூடெக்ஸ்_லாக்கில் போய் நிற்கும். அதன்பின் சஸ்பெண்ட் அதற்காகக் காத்திருக்கும். 500-இல் 2.8 என்றால் ஏறத்தாழ 180-க்கு ஒன்று. நீங்கள் பார்த்த எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறது.

டைமர் இன்னும் அடிக்காத வொர்க்கை கேன்சல் வரிசையிலிருந்து உருவி எடுத்துவிடும், காத்திருக்காது. போல் ஏற்கெனவே லாக்கைப் பிடித்திருந்தாலும் ஆபத்தில்லை, ஏனென்றால் சஸ்பெண்ட் மியூடெக்ஸ்_லாக்கிலேயே அது விடும்வரை நிற்கும். 'தொடங்கிவிட்டது, ஆனால் லாக் கிடைக்கவில்லை' என்ற நிலை மட்டும்தான் கொல்கிறது. ரிமூவில் கேன்சலுக்கு முன் ரெஜிஸ்டர் படிப்பது இல்லை. இடைவெளி மிகச் சிறியது, அதனால் அங்கே உங்களுக்கு மாட்டவில்லை. தப்பு அங்கேயும் அதேதான்.

இரண்டாவது கேள்வி. சிங்க்கை எடுத்தது கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. சிங்க் இல்லாத கேன்சல், ஓடிக்கொண்டிருக்கும் வொர்க்கைத் தொடாது. ரிமூவ் முடிந்து நினைவகம் விடுவிக்கப்பட்ட பிறகும் அது ஓடும், கடைசியில் தன்னையே வரிசையிலும் போட்டுக்கொள்ளும். 500 மில்லிசெகண்ட் கழித்து டைமர் அடிக்கும்போது அங்கே உங்கள் மாட்யூலே இருக்காது. சிங்க் வேண்டும், ஆனால் லாக்குக்கு வெளியே.

மூன்றாவது கேள்வி. டிரைலாக் தோற்றால் வொர்க் காத்திருக்காமல் திரும்பிவிடும், ஆகவே இந்த வட்டம் உடையும். பாண்டிங் என்ற நெட்வொர்க் டிரைவர் ஆர்டிஎன்எல் (நெட்வொர்க் பகுதியின் பொது) லாக்குக்கு இப்படித்தான் செய்கிறது: கிடைக்காவிட்டால் வொர்க்கை மறுபடி வரிசையில் போடும். அங்கே ஆர்டிஎன்எல் வெளியிலிருந்து வருவது, டிரைவர் அதைத் தவிர்க்க முடியாது. உங்கள் லாக்கோ உங்களுடையது. பிடிக்கும் இடத்தைச் சுருக்க முடியும்போது டிரைலாக் தேவையில்லை. சாதாரண நேரத்திலும் ஐஆர்க்யூ திரெட்டோடு மோதினால் ஒரு அளவீடு காரணமில்லாமல் விடுபடும்.

சஸ்பெண்டை இப்படி மாற்றுங்கள்:

1. லாக்கை எடுத்து 'நின்றது' என்ற கொடியை உண்மையாக்கி, லாக்கை விடுங்கள்.
2. லாக் இல்லாமல் கேன்சல்_டிலேய்ட்_வொர்க்_சிங்க்.
3. மறுபடி லாக்கை எடுத்து ரெஜிஸ்டர்களைச் சேமித்து, சில்லைத் தூங்க வைத்து, லாக்கை விடுங்கள்.

மாட்_டிலேய்ட்_வொர்க் அழைக்கும் ஒவ்வொரு இடமும் லாக்குக்குள் கொடியைப் பார்த்துவிட்டே அழைக்க வேண்டும். மாட் காத்திருக்காது, அதை லாக்குக்குள் அழைக்கலாம். போல் தன்னையே போட்டுக்கொள்வதைப் பற்றிக் கவலை வேண்டாம். கேன்சல் சிங்க் நடக்கும்போது வொர்க்கின் பெண்டிங் பிட் ('வரிசையில் இருக்கிறது' என்ற குறி) கேன்சலின் கையில் இருக்கும், அந்த நேரத்து மறுவரிசை முயற்சி சத்தமில்லாமல் தோற்கும்.


பதில் 2: திரெட்_நெசவாளர்

மேலே சொன்னது சரி. ஆனால் ஐஆர்க்யூவை விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

உங்கள் பழைய சஸ்பெண்டில் டிஸேபிள்_ஐஆர்க்யூவும் லாக்குக்குள் இருக்கிறது. அது ஹேண்ட்லரும் அதன் திரெட்டும் முடியும்வரை நிற்கும். திரெட் லாக்குக்காக நிற்கும். அதே நோய்தான், ஆனால் இதை லாக்டெப் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் ஐஆர்க்யூ திரெட்டுக்குக் காத்திருப்பதை அது லாக்காகக் கணக்கில் எடுப்பதில்லை. ஃப்ரீ_ஐஆர்க்யூவும் அப்படியே. கம்ப்ளீஷன்களைப் பொதுவாகக் கண்காணிக்கும் கிராஸ்ரிலீஸ் 4.14-இல் வந்தது, பொய் எச்சரிக்கைகள் மிகுந்ததால் 4.15-இல் எடுக்கப்பட்டது. லாக்டெப் அமைதியாக இருக்கிறது என்று நம்பி இந்த இடத்தில் விட்டுவிடாதீர்கள், கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

வரிசையும் முக்கியம். முதலில் ஐஆர்க்யூ, பிறகு வொர்க். தலைகீழாகச் செய்தால் கேன்சல் முடிந்த மறுகணம் ஐஆர்க்யூ திரெட் வந்து மாட்_டிலேய்ட்_வொர்க் போட்டுவிடும். கேன்சல் சிங்க் தரும் உறுதி அது திரும்பும் கணம்வரைதான், அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வரிசையில் போடலாம். பொதுவாக, வேலையை உண்டாக்குகிறவரை முதலில் நிறுத்துங்கள், வேலையை அடுத்து நிறுத்துங்கள். அதாவது:

லாக் எடு, கொடி போடு, லாக் விடு.
டிஸேபிள்_ஐஆர்க்யூ.
கேன்சல்_டிலேய்ட்_வொர்க்_சிங்க்.
லாக் எடு, சில்லைத் தூங்க வை, லாக் விடு.

ரிசியூம் இதற்கு நேர் எதிர்: சில்லை எழுப்பி, ரெஜிஸ்டர்களைத் திருப்பி எழுதி, கொடியை இறக்கி, லாக்கை விட்டு, அதன்பின் எனேபிள்_ஐஆர்க்யூ, கடைசியில் போலை வரிசையில் போடுவது. உங்கள் ஐஆர்க்யூ லெவல் வகை என்றால் எனேபிள் செய்த உடனே அடிக்கக்கூடும். அப்போது சில்லு விழித்திருக்க வேண்டும்.

பலரும் மறக்கும் ஒன்று: சில்லைத் தூங்க வைக்கும் ஐ2சி எழுத்து தோற்று, சஸ்பெண்ட் பிழை எண் திருப்பினால், உங்கள் ரிசியூம் அழைக்கப்படாது. நீங்களே கொடியை இறக்கி, எனேபிள்_ஐஆர்க்யூ செய்து, போலைப் போட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் டிஸேபிள் எண்ணிக்கை 1-இல் நின்றுவிடும், அடுத்த சஸ்பெண்ட், ரிசியூம் சுற்றுக்குப் பிறகும் ஐஆர்க்யூ வராது.

ரிமூவுக்கு வருவோம். இங்கே மூன்று தப்பு.

ஒன்று, லாக்கைப் பிடித்துக்கொண்டு சிஸ்எஃப்எஸ் கோப்பை நீக்குவது. நீக்கும் ஃபங்ஷன், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டோர் வெளியே வரும்வரை நிற்கும். ஸ்டோர் லாக்குக்காக நிற்கும். இதை லாக்டெப் கேஎன்->ஆக்டிவ் என்ற பெயரில் காட்டும். இதுவரை அது வராததற்குக் காரணம், சோதனையில் யாரும் அந்தக் கோப்பில் எழுதவில்லை என்பதாக இருக்கலாம். கோப்பை டிரைவரின் டெவ்_குரூப்ஸ் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ரிமூவை அழைக்கும் முன்பே டிரைவர் கோர் அதை நீக்கிவிடும், உங்களுக்கு வேலையே இல்லை.

இரண்டு, லாக்குக்குள் கேன்சல் சிங்க். மேலே பேசியாயிற்று.

மூன்று, டெவ்எம் ஐஆர்க்யூ. அது ரிமூவ் முடிந்த பிறகுதான் விடுபடும். ரிமூவில் வொர்க்கை நிறுத்திய பிறகும் ஐஆர்க்யூ உயிரோடு இருக்கிறது, வொர்க்கை மறுபடி எழுப்பும். நீங்கள் பார்த்த ஊப்ஸுக்கு இதுவும் ஒரு வழி, சிங்க் இருந்தாலும் வரும். ப்ரோபில் (டிரைவர் சாதனத்தோடு இணையும்போது ஓடும் ஃபங்ஷன்) டெவ்எம்_டிலேய்ட்_வொர்க்_ஆட்டோகேன்சலை முதலில் அழைத்து, அதன்பின் ஐஆர்க்யூ வாங்குங்கள். டெவ்எம் பின்னிருந்து முன்னாக விடுவிப்பதால் ஐஆர்க்யூ முதலில் போகும், வொர்க் அடுத்துப் போகும். லாக்கை விட்டபின் தன்னையே வரிசையில் போடும் போலுக்கும் இது பாதுகாப்பானதே. ரிமூவ் கிட்டத்தட்ட காலியாகிவிடும்.


மின்கல_அளவி

இரண்டு பேருக்கும் நன்றி. சொன்னபடி மாற்றினேன், ஆனால் லாக்டெப் அதே எச்சரிக்கையைத் திரும்பத் தருகிறது. சஸ்பெண்டின் தொடக்கம் இப்போது இப்படி: முதல் வரி மியூடெக்ஸுக்கான கார்ட், இரண்டாவது வரி கொடி, மூன்றாவது டிஸேபிள்_ஐஆர்க்யூ, நான்காவது கேன்சல்_டிலேய்ட்_வொர்க்_சிங்க். அன்லாக் எழுதும் தேவை இல்லை என்பதால் கார்ட் பயன்படுத்தினேன்.


பதில் 3: பூட்டும்_சாவியும்

கார்ட்தான் காரணம். 6.5-இல் வந்த கார்ட், அது எழுதப்பட்ட பிளாக்கின் மூடும் அடைப்புவரை லாக்கை வைத்திருக்கும். நீங்கள் அதை ஃபங்ஷனின் முதல் வரியில் போட்டதால் லாக் சஸ்பெண்ட் முடியும்வரை போகவே இல்லை. ஸ்கோப்ட்_கார்ட் போட்டு, கொடி வரியை மட்டும் அதன் அடைப்புக்குள் வையுங்கள். பிழைப் பாதைகள் நிறைந்த ஃபங்ஷனில் கார்ட் அருமையானது. ஆனால் நடுவில் காத்திருக்கும் ஃபங்ஷனில் லாக் எங்கே விடுபடுகிறது என்பது கண்ணில் படாமல் போகும். இங்கே நேரடியாக லாக், அன்லாக் எழுதினாலும் தப்பில்லை, படிப்பவருக்கு அது இன்னும் தெளிவு.

6.10-க்கு மாறும்போது கொடியைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். டிஸேபிள்_டிலேய்ட்_வொர்க்_சிங்க் அங்கே இருக்கிறது. அது கேன்சலும் செய்து, எனேபிள் செய்யும்வரை யார் வரிசையில் போட்டாலும் ஏற்காது. லாக்குக்கு வெளியே அழைக்க வேண்டும் என்பது அதற்கும் பொருந்தும்.


பதில் 4: கன்சோல்_காவலர்

கன்சோலில் ஏன் எதுவும் வரவில்லை என்பதை யாரும் தொடவில்லை. சரிபார்க்கும்போது உங்களுக்கு அது தேவைப்படும்.

சாதாரணமாக ஒரு டாஸ்க் 120 விநாடி டி நிலையில் (குறுக்கிட முடியாத காத்திருப்பு) நின்றால் ஹங்_டாஸ்க் எச்சரிக்கை வரும். ஆனால் சஸ்பெண்ட் தொடங்கும்போதே அந்தக் கண்காணிப்பு அணைக்கப்படுகிறது. அதனால் சஸ்பெண்டுக்குள் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது பேசாது. கன்சோலும் சஸ்பெண்ட் ஆகிவிடும். எனவே:

பூட் வரியில் நோ_கன்சோல்_சஸ்பெண்ட் சேருங்கள்.
கான்ஃபிக்_டிபிஎம்_வாட்ச்டாக் போடுங்கள். ஒரு சாதனத்தின் சஸ்பெண்ட் குறித்த நேரத்துக்குள் முடியாவிட்டால், எந்தச் சாதனம் என்று சொல்லி, ஸ்டாக்கை அச்சிட்டு பானிக் ஆகும். பிஸ்டோர் (பதிவை ரீபூட்டைத் தாண்டிச் சேமிப்பது) அமைத்திருந்தால் அடுத்த பூட்டில் அதைப் படிக்கலாம்.
ஆர்எம்மாட் பக்கம் தொங்கினால் சிஸ்ஆர்க்யூ (கர்னலுக்கு நேரடிக் கட்டளை தரும் விசை) டபிள்யூ. டி நிலையில் இருவர் தெரிவார்கள்: ஆர்எம்மாட்டின் ஸ்டாக்கில் ஃபிளஷ்_வொர்க், ஒரு கேவொர்க்கரின் (வொர்க்குகளை ஓட்டும் கர்னல் திரெட்) ஸ்டாக்கில் மியூடெக்ஸ்_லாக். இந்த ஜோடியைப் பார்த்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம். லாக்டெப் உள்ள கர்னலில் சிஸ்ஆர்க்யூ டி (d), யார் எந்த லாக்கைப் பிடித்திருக்கிறார் என்பதையும் சொல்லும்.

180-க்கு ஒன்று என்பதை நம்பிச் சோதிக்க முடியாது. 300 முறை தொங்கவில்லை என்றாலும் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை: பழைய கோடே ஐந்தில் ஒரு வாய்ப்பில் 300 முறை தப்பிவிடும். இடைவெளியை அகலப்படுத்துங்கள். போல் வொர்க்கில் மியூடெக்ஸ்_லாக்குக்கு முந்தைய வரியில் எம்ஸ்லீப் 400 (400 மில்லிசெகண்ட் தூக்கம்) போடுங்கள். இப்போது ஒவ்வொரு 900 மில்லிசெகண்டிலும் 400, வொர்க் 'தொடங்கிவிட்டது, லாக் இல்லை' என்ற நிலையில் இருக்கும். பழைய கோடு பத்து முயற்சிக்குள் நிச்சயம் போலத் தொங்கும். முதலில் அதைத் தொங்க வைத்துக் காட்டுங்கள், பிறகு புதியதை ஓட்டுங்கள். ஐஆர்க்யூ திரெட்டிலும் இதையே செய்யுங்கள். அங்கே லாக்டெப் உதவாது என்பதால் இந்தச் சோதனை மட்டுமே வழி.

முழுச் சஸ்பெண்ட் தேவையில்லை. சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட் கோப்பில் டிவைசஸ் என்று எழுதிவிட்டு, சிஸ்/பவர்/ஸ்டேட்டில் மெம் எழுதுங்கள். சாதனங்களைச் சஸ்பெண்ட் செய்து, 5 விநாடி நின்று, தானே திரும்பும். லூப்பில் இரவு முழுக்க ஓட்டலாம். கூடவே இன்னொரு ஷெல்லில் 'இன்டர்வல்' கோப்பில் எழுதிக்கொண்டே பைண்ட், அன்பைண்ட் (டிரைவரைச் சாதனத்தோடு சேர்ப்பது, பிரிப்பது) லூப் ஒன்றும் ஓட்டுங்கள். சஸ்பெண்டில் யூசர் டாஸ்க்குகள் உறைந்துவிடும் என்பதால் ஸ்டோர் மோதல் அன்பைண்டில்தான் வெளிப்படும்.

ஒரு எச்சரிக்கை. லாக்டெப் முதல் அறிக்கையோடு தன்னை அணைத்துக்கொள்ளும். ஊப்ஸ் வந்தாலும் அணைந்துவிடும். உங்கள் டிரைவருக்கு முன்பே வேறு டிரைவர் ஏதாவது எச்சரிக்கை கிளப்பியிருந்தால், உங்களுடையது சுத்தமாக இருப்பது போலத் தோன்றும். சோதனை முடிந்ததும் ப்ராக்/லாக்டெப்_ஸ்டாட்ஸ் கோப்பில் டீபக்_லாக்ஸ் 1 என்று இருக்கிறதா பாருங்கள். 0 என்றால் அந்தச் சோதனை செல்லாது, ரீபூட் செய்துவிட்டு மறுபடி.


பதில் 5: திரெட்_நெசவாளர்

ரன்டைம் பிஎம் (சும்மா இருக்கும் சாதனத்தை மட்டும் தூங்க வைப்பது) சேர்க்கும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன். போல் வொர்க் பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க் அழைத்து, ரன்டைம் சஸ்பெண்ட் கால்பேக் அதே போலைக் கேன்சல் சிங்க் செய்தால் மறுபடி இதே டெட்லாக். கெட்_சிங்க், நடந்துகொண்டிருக்கும் ரன்டைம் சஸ்பெண்ட் முடிவதற்கு நிற்கும். அது வொர்க்குக்கு நிற்கும். மியூடெக்ஸே இல்லாமல் வட்டம், லாக்டெப்பும் பார்க்காது. ரன்டைம் கால்பேக்கில் சிங்க் வேண்டாம். வொர்க்கில் பிஎம்_ரன்டைம்_கெட்_இஃப்_இன்_யூஸ் அழைத்து, அது பூஜ்யமோ பிழை எண்ணோ திருப்பினால் சில்லைத் தொடாமல் வெளியேறுங்கள்.


மின்கல_அளவி

எம்ஸ்லீப் 400 போட்டதும் பழைய கோடு மூன்றாவது முயற்சியில் தொங்கியது. டிபிஎம் வாட்ச்டாக் சரியாக என் சஸ்பெண்ட் ஃபங்ஷனைக் காட்டியது. ஸ்கோப்ட்_கார்டும் புதிய வரிசையும் வைத்து 600 சுற்று ஓடிவிட்டது, டீபக்_லாக்ஸ் 1. ஐஆர்க்யூ திரெட்டிலும் எம்ஸ்லீப் வைத்து 200 சுற்று. அன்பைண்ட் லூப்பும் சுத்தம்.

நாளை வேறு யாராவது கேன்சலை லாக்குக்குள் நகர்த்திவிடாமல் இருக்கக் கருத்து வரி தவிர வேறு வழி உண்டா?


பதில் 6: பூட்டும்_சாவியும்

உண்டு. டிஸேபிள்_ஐஆர்க்யூவுக்கு முந்தைய வரியில் லாக்டெப்_அஸர்ட்_நாட்_ஹெல்ட் என்று எழுதி லாக்கைக் கொடுங்கள். லாக்கைப் பிடித்தபடி யாராவது அங்கே வந்தால், லாக்டெப் உள்ள கர்னலில் அந்த இடத்திலேயே எச்சரிக்கை வரும். ஐஆர்க்யூ பக்கத்தில் லாக்டெப்புக்கு இல்லாத கண்ணை இந்த ஒரு வரி கொடுத்துவிடுகிறது. லாக்டெப் இல்லாத கர்னலில் இதற்குச் செலவே இல்லை. சில்லைத் தொடும் உதவி ஃபங்ஷன்களின் தலையில் லாக்டெப்_அஸர்ட்_ஹெல்ட் போட்டால் மறுபக்கமும் காவல் இருக்கும். பேட்சை அனுப்பும்போது எம்ஸ்லீப் வரிகளை எடுத்துவிட மறக்காதீர்கள்.